யலம்லம் எல்லையும் நம் வீட்டு வரப்பும்



எல்லாப் புகழும் அகிலத்தாரின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

மனிதர் வகுக்கும் எல்லைகள் மாறிக்கொண்டே இருப்பவை. கல்வராயன் மலையடிவாரத்து ஊர்களில் எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர், பிறந்த வீட்டைவிட்டு அகலாமலேயே மூன்று மாவட்டங்களில் வாழ்ந்திருப்பார். அவர் பிறந்தபோது தென்னார்க்காடு. 1993இல் விழுப்புரம். 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி. வீடு நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது. அதே பெரியவர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டாலோ நிலை நேர்மாறாகிறது. அங்கே ஓர் எல்லை 1400 ஆண்டுகளாக ஓரடியும் நகராமல் நிற்கிறது. அதை நோக்கிச் செல்லும் பாதைதான் மாறியிருக்கிறது. அந்த எல்லைக்கு மீகாத் என்று பெயர்.

பாதை மாறியதை அறியாமல், பாட்டனார் கப்பலில் சென்ற நாளின் நினைவோடு விமானம் ஏறுவோர் இன்றும் இருக்கின்றனர். "நமக்கு மீகாத் யலம்லம் தானே, ஜித்தாவில் இறங்கிய பிறகு இஹ்ராம் கட்டினால் போதாதா?" என்னும் கேள்வி ஹஜ் பயிற்சி வகுப்புகளில் தவறாமல் எழுகிறது. இக்கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்லிவிடலாம். ஆனால் அந்த விடையின் பின்னே உள்ள வரலாற்றை அறிந்தால், இஹ்ராமுக்கான ஆயத்தம் எங்கே தொடங்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

மூன்று வட்டங்கள்

கஅபாவைச் சுற்றி மூன்று வட்டங்கள் இருப்பதாக மனத்தில் கொள்வோம். முதலாவது மஸ்ஜிதுல் ஹராம். இரண்டாவது மக்கா நகரையும் மினா, முஸ்தலிஃபாவையும் உள்ளடக்கிய ஹரம் எல்லை. அங்கே வேட்டையாடுதலும் தாமே முளைத்த செடிகொடிகளை வெட்டுதலும் தடை செய்யப்பட்டுள்ளன. மஸ்ஜித் ஆயிஷா அமைந்துள்ள தன்ஈம், இவ்வெல்லைக்குச் சற்று வெளியே உள்ளது. அரஃபாத் மைதானமும் இவ்வட்டத்திற்கு வெளியேதான் இருக்கிறது. மூன்றாவது, வெகு தொலைவில் அமைந்த மீகாத் எல்லை. ஹஜ்ஜையோ உம்ராவையோ நாடி வருவோர் இதை இஹ்ராம் இன்றிக் கடக்கலாகாது.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. மதீனாவாசிகளுக்கு துல்ஹுலைஃபா, ஷாம்வாசிகளுக்கு ஜுஹ்ஃபா, நஜ்துவாசிகளுக்கு கர்னுல் மனாஸில், யமன்வாசிகளுக்கு யலம்லம் என்று நபி (ஸல்) அவர்கள் வரையறுத்தார்கள். இவ்விடங்கள் அந்தந்த ஊர்வாசிகளுக்கு மட்டும் உரியவை அல்ல, அவ்வழியே வரும் வேற்றூர்வாசிகளுக்கும் உரியவை என்பதையும் அவர்கள் சேர்த்தே தெளிவுபடுத்தினார்கள். இந்த இரண்டாம் பகுதிதான் நமக்கு முக்கியமானது. மீகாத் ஒருவர் பிறந்த நாட்டைப் பார்ப்பதில்லை; அவர் வரும் வழியைப் பார்க்கிறது.

துல்ஹுலைஃபா இன்று அப்யார் அலீ எனப்படுகிறது. மதீனாவை ஒட்டி, மக்காவிலிருந்து ஏறத்தாழ 420 கி.மீ. தொலைவில் இருக்கும் இதுவே மீகாத்துகளில் மிகத் தொலைவானது. ஜுஹ்ஃபாவுக்கு ஈடாக அருகிலுள்ள ராபிக் நகரில் இஹ்ராம் அணிவது வழக்கம். கர்னுல் மனாஸில் என்பது தாயிஃப் பக்கமுள்ள அஸ்ஸைலுல் கபீர். தொலைவு ஏறத்தாழ 75 முதல் 80 கி.மீ. யலம்லம் மக்காவுக்குத் தெற்கே, ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் உள்ளது. ஒரு மலையின் பெயராகவே நம் முன்னோர் நூல்களில் அது குறிக்கப்படுகிறது.

உமர் (ரலி) அவர்கள் திறந்த வழி

உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் (634–644) இராக்கில் கூஃபா, பஸ்ரா நகரங்கள் உருவாயின. அந்நகரத்தார் கலீஃபாவிடம் ஒரு முறையீட்டோடு வந்தனர். கர்னுல் மனாஸில் தங்கள் பாதையிலிருந்து விலகி இருப்பதாகவும், அங்குச் சென்று வருவது சிரமம் என்றும் தெரிவித்தனர். அதற்கு நேராகத் தங்கள் பாதையில் எவ்விடம் அமைகிறது என்று பார்க்கும்படி உமர் (ரலி) அவர்கள் பணித்து, தாத்துஇர்க் என்னும் இடத்தை வரையறுத்தார்கள். இது புகாரியில் உள்ள செய்தி. நபி (ஸல்) அவர்களே அவ்விடத்தை நிர்ணயித்ததாகவும் வேறு அறிவிப்புகள் உள்ளன. எவ்வாறாயினும் ஐந்தாம் மீகாத்தாக அது நிலைபெற்றது.

இதிலிருந்து ஃபிக்ஹ் அறிஞர்கள் ஒரு பொதுவிதியை எடுத்தனர். மீகாத் தலத்தையே மிதித்துச் செல்லாதவர், அதற்கு நேரே வரும்போது இஹ்ராம் அணிய வேண்டும். இந்த 'நேர்நிலை'க்கு அரபியில் முஹாதாத் என்று பெயர்.

நம் வட்டாரத்தாருக்கு இது எளிதில் விளங்கும். கல்வராயன் மலைக்கு ஏறும் பாதை ஒன்றன்று. கச்சிராயபாளையம் பக்கமிருந்தும் ஏறலாம், சங்கராபுரம் பக்கமிருந்தும் ஏறலாம். எந்தப் பாதையில் ஏறினாலும் அடிவாரத்தைக் கடவாமல் மலைக்குள் செல்ல முடியாது. "நான் அந்தச் சோதனைச்சாவடி வழியாக வரவில்லை, ஆகவே அடிவாரத்தைக் கடக்கவில்லை" என்று ஒருவர் சொன்னால் நாம் ஏற்போமா? மீகாத்தும் அத்தகையதே. ஐந்து தலங்கள் ஐந்து வாயில்கள். அவற்றுக்கு இடையே ஓடும் அடிவாரக் கோடும் எல்லைதான். தரையில் நடப்போர்க்கும், கடலில் மிதப்போர்க்கும், வானில் பறப்போர்க்கும் அது ஒன்றே.

எல்லையில் நின்ற நபி (ஸல்) அவர்கள்

எல்லையை மதிப்பது எத்துணைப் பெரிய வணக்கம் என்பதை ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு (628) உணர்த்துகிறது. நபி (ஸல்) அவர்களும் ஏறத்தாழ 1400 தோழர்களும் துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் அணிந்து உம்ராவுக்குப் புறப்பட்டனர். ஹரம் எல்லையின் ஓரத்தில், ஹுதைபிய்யாவில், குறைஷியர் தடுத்தனர். கஅபா ஒரு நாள் பயணத் தொலைவுக்குள் இருந்தது. தோழர்களின் உள்ளங்கள் கொதித்தன. ஆயினும் நபி (ஸல்) அவர்கள் உடன்படிக்கை செய்து, அங்கேயே குர்பானி கொடுத்து, தலைமுடி களைந்து, இஹ்ராமிலிருந்து விடுபட்டுத் திரும்பினார்கள். கஅபாவைக் காணாமல் திரும்பிய அப்பயணத்தைத்தான் தெளிவான வெற்றி என்று அல்லாஹ் அல்ஃபத்ஹ் அத்தியாயத்தில் சிறப்பித்தான்.

மக்கா வெற்றிக்குப் பின் ஹரம் எல்லைக் கற்களைப் புதுப்பிக்க நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். உமர் (ரலி) அவர்களும் தம் காலத்தில் அதைச் செய்தார்கள். எல்லைக்கல் சாய்ந்தால் நிமிர்த்த வேண்டும் என்பது அவர்கள் விட்டுச்சென்ற பாடம்.

சூரத்திலிருந்து செங்கடல் வரை

இந்திய ஹாஜிகளுக்கு யலம்லம் எப்படி மீகாத் ஆயிற்று? கடல்வழி அதை முடிவு செய்தது. முகலாயர் காலத்தில் சூரத் துறைமுகமே 'பாபுல் மக்கா', அதாவது மக்காவின் வாசல் எனப்பட்டது. பேரரசர் பாபரின் மகளார் குல்பதன் பேகம் 1576இல் அங்கிருந்துதான் கப்பல் ஏறினார். அரச குடும்பத்தாராக இருந்தும், கடலை ஆண்ட போர்த்துகீசியரின் அனுமதிச்சீட்டுக்காக அவர் ஏறத்தாழ ஓராண்டு சூரத்தில் காத்திருக்க நேர்ந்தது. பின்னாளில் அவ்விடத்தைப் பம்பாய் பெற்றது.

பம்பாயிலிருந்து புறப்படும் கப்பல் அரபிக்கடலைக் கடந்து, ஏடன் வழியாகப் பாபுல் மன்தப் நீரிணைக்குள் நுழைந்து, யமன் கரையோரமாக வடக்கே செல்லும். யமன்வாசிகளின் வழியே வருவதால் யமன்வாசிகளின் மீகாத்தே இந்தியருக்கும் உரியதாயிற்று. கிழக்கிலிருந்து பயணம் செய்த மலாய், ஜாவா முஸ்லிம்களும் இவ்வழியே வந்தமையால் அவர்களுக்கும் அதுவே மீகாத்.

கள்ளக்குறிச்சிக்குக் கடலும் இல்லை, துறைமுகமும் இல்லை. கப்பல் காலத்தில் இவ்வட்டாரத்து ஹாஜி ஒருவர் மாட்டுவண்டியிலோ பேருந்திலோ இரயில் நிலையம் சேர்ந்து, சென்னை சென்று, அங்கிருந்து பம்பாய்க்கு இரயில் ஏற வேண்டும். பம்பாயில் ஸாபு சித்தீக் முஸாஃபர்கானா போன்ற விடுதிகளில் கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டும். அதன்பின் பத்து நாள் அல்லது அதற்கும் மேற்பட்ட கடற்பயணம்.

அக்கடலில் இரண்டு எல்லைகள் இருந்தன. ஒன்று அரசுகள் வகுத்தது. 1865ஆம் ஆண்டின் காலரா பேரழிவுக்குப் பின், செங்கடலில் கமரான் தீவில் உதுமானிய அரசு 1882இல் ஒரு தொற்றுத் தடுப்பு நிலையத்தை அமைத்தது. தெற்கிலிருந்து வரும் ஹாஜிகள் அங்கே இறக்கப்பட்டு, உடைமைகள் ஆவியில் சுத்திகரிக்கப்பட்டு, நாள் கணக்கில் தங்கவைக்கப்பட்டனர். அதற்கும் வடக்கே, கண்ணுக்குப் புலப்படாத மற்றோர் எல்லை. யலம்லம் மலைக்கு நேரே கப்பல் வருவதை மாலுமிகள் முன்னரே அறிவிப்பர். ஊதல் ஒலி எழும். மேல்தளமெங்கும் குளிப்பதும், வெண்துணி அணிவதும், இரண்டு ரக்அத் தொழுவதுமாக இருக்கும். பிறகு தல்பியா முழக்கம் அலையோசையையும் அடக்கிவிடும். கமரானில் உடல் சோதிக்கப்பட்டது. யலம்லமில் உள்ளம் சோதிக்கப்பட்டது. கமரான் நிலையம் என்றோ மூடப்பட்டுவிட்டது. யலம்லம் அப்படியே இருக்கிறது.

ஜித்தா குறித்த விவாதம்

ஜித்தாவில் இஹ்ராம் அணியலாம் என்னும் கருத்து வெறும் வாய்ப்பேச்சு அன்று. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 16ஆம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த ஷாஃபிஈ மேதை இப்னு ஹஜர் ஹைதமீ (ரஹ்) அவர்கள், யமனிலிருந்து கடல்வழியே வருவோர் ஜித்தா வரை இஹ்ராமைப் பிற்படுத்தலாம் என்று எழுதினார்கள். யலம்லமும் ஜித்தாவும் மக்காவிலிருந்து இரண்டு மன்ஸில் தொலைவில் சமமாக உள்ளன என்பதும், கடலில் செல்பவர் ஹரமை நோக்கி அக்கோட்டைத் தாண்டவில்லை என்பதும் அதற்கான அடிப்படை. ஷாஃபிஈ அறிஞர்கள் பலர், ஜித்தா யலம்லமைவிட மக்காவுக்கு நெருக்கமானது என்று காட்டி இதை மறுத்தனர். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும், நம்மைப் போன்ற உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபும் வழங்குவதால், தமிழ் முஸ்லிம்களிடையே இருவகைக் கருத்துகளும் செவிவழியே பரவின.

ஆனால் இவ்விவாதம் முழுவதும் கப்பலைப் பற்றியது என்பதை மறக்கலாகாது. கப்பல் ஜித்தாவை மேற்கே கடலிலிருந்து அணுகியது. விமானமோ கிழக்கிலிருந்து வருகிறது.

விமானம் மாற்றிய திசை

பம்பாய்க்கும் ஜித்தாவுக்கும் இடையிலான இந்திய ஹஜ் கப்பல் போக்குவரத்து 1995இல் நின்றது. அதன்பின் அனைவரும் விமானத்திலேயே செல்கின்றனர். சென்னையிலிருந்து ஜித்தா செல்லும் விமானம் பொதுவாக அரபுத் தீபகற்பத்தின் குறுக்கே பறந்து, தாயிஃப் பக்கமாக, கர்னுல் மனாஸில், தாத்துஇர்க் ஆகியவற்றின் கோட்டைக் கடந்து, மீகாத் வட்டத்துக்குள் நுழைந்த பிறகே ஜித்தாவில் இறங்குகிறது. யலம்லம் அதன் பாதையிலேயே வருவதில்லை. ஜித்தாவில் கால் பதிக்கும் வேளையில் நாம் எல்லையைக் கடந்து முடித்திருக்கிறோம்.

1986இல் அம்மானில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வான்வழியிலும் கடல்வழியிலும் வருவோர்க்கு மீகாத்தின் நேர்நிலையிலேயே இஹ்ராம் கடமை என்று தீர்மானித்தது. மாற்றுக் கருத்துடைய அறிஞர் சிலர் இருப்பினும், நம் ஊர் ஹாஜி ஆயிரம் ஆசைகளோடு செய்யும் வணக்கத்தைக் கருத்து வேறுபாட்டின் விளிம்பில் நிறுத்த வேண்டியதில்லை.

இதிலிருந்து விளையும் நடைமுறை இதுதான்:

முதலாவதாக, விமானம் மதீனாவுக்குச் செல்கிறதா, ஜித்தாவுக்குச் செல்கிறதா என்பதை முன்கூட்டியே அறிய வேண்டும். மதீனாவுக்கு முதலில் செல்வோர் வழக்கமான உடையில் செல்லலாம். பின்னர் மக்காவுக்குப் புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் அணிவர். நேரே ஜித்தா செல்வோர் சென்னையிலேயே குளித்து, இஹ்ராம் துணி அணிந்துகொள்ள வேண்டும். துணியைப் பெரிய பெட்டியில் வைத்துச் சரக்கறைக்கு அனுப்பிவிடலாகாது.

இரண்டாவதாக, துணி அணிவது இஹ்ராம் ஆகாது. நிய்யத்தே இஹ்ராம், ஹனஃபி மத்ஹபில் நிய்யத்தோடு தல்பியாவும் சேர வேண்டும். மீகாத்துக்கு முன்பே நிய்யத் செய்வது கூடும் என்பதில் ஐயமில்லை. உறங்கிவிடுவோமோ என்று அஞ்சுபவர் விமானம் புறப்பட்டதுமே நிய்யத் செய்துகொள்வது பாதுகாப்பானது. மீகாத் நெருங்குவது விமானத்தில் அறிவிக்கப்படுமாயினும், கப்பலில் மணிக்கணக்கில் கிடைத்த அவகாசம் அங்கே சில நிமிடங்களே. நிய்யத்துக்குப் பின் விமானத்தில் தரப்படும் நறுமணமூட்டிய ஈரத்தாளைப் பயன்படுத்தாதிருக்கவும்.

மூன்றாவதாக, மாதவிடாய் அல்லது பிரசவத் தீட்டில் உள்ள பெண்கள் இஹ்ராமைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு (632) நபி (ஸல்) அவர்களின் ஹஜ்ஜின்போது, துல்ஹுலைஃபாவிலேயே அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள் குழந்தை ஈன்றார்கள். குளித்து, துணி கட்டி, இஹ்ராம் அணியும்படி நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். தவாஃப் மட்டுமே தூய்மை வரும்வரை பொறுத்திருக்கும், எல்லை பொறுத்திருக்காது.

எல்லையை இஹ்ராமின்றிக் கடந்துவிட்டவர் மீகாத்துக்குத் திரும்பிச் சென்று இஹ்ராம் அணிய வேண்டும். திரும்பாமல் உள்ளேயே இஹ்ராம் அணிந்து தம் வணக்கத்தைத் தொடர்ந்தால், ஹரமில் ஓர் ஆட்டை அறுத்து தம் கொடுக்க வேண்டும். விவரங்களைத் தத்தம் மத்ஹபின் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக.

பத்து நாள் கடல் எங்கே போயிற்று?

கப்பல் காலத்து ஹாஜிக்கும் யலம்லமுக்கும் இடையே பத்து நாள் கடல் இருந்தது. அதற்கு முன் பம்பாய்க் காத்திருப்பு; அதற்கும் முன், திரும்பி வருவோமோ மாட்டோமோ என்னும் அச்சத்தோடு ஊரில் செய்த ஆயத்தம். வீடு வீடாகச் சென்று ஸலாம் சொல்லிப் பிழை பொறுக்கக் கேட்பர். கடனை அடைப்பர். வஸிய்யத் எழுதுவர். இன்று இரவு உணவை வீட்டில் முடித்தவர் மறுநாள் மக்காவில் இருக்கிறார். பயணம் குறுகியது அல்லாஹ்வின் அருட்கொடைதான். பயணத்தோடு ஆயத்தமும் குறுகிவிட்டதே கவலைக்குரியது. வழியனுப்பு விருந்துக்கும் பதாகைக்கும் செலவிடும் நாள்களில், ஊரில் யாருக்கு என்ன பாக்கி என்று கணக்குப் பார்த்தவர் எத்தனை பேர்?

யமன்வாசிகளில் சிலர் உணவுப்பொருள் எதுவும் எடுத்துக்கொள்ளாமல், தவக்குல் வைத்தோம் என்று சொல்லி ஹஜ்ஜுக்கு வந்து, மக்காவில் பிறரிடம் கையேந்தினர். அவர்கள் குறித்தே அல்பகரா அத்தியாயத்தின் 197ஆம் வசனம் அருளப்பட்டதாக இப்னு அப்பாஸ் (ரலி) கூறுகிறார்கள். வழிச்செலவுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்ன அவ்வசனம், அவற்றுள் சிறந்தது தக்வா என்றும் உணர்த்துகிறது. யலம்லம் வழியே வந்தோருக்குச் சொல்லப்பட்ட அப்பாடம் நமக்கும் உரியதே.

தக்வா என்பது எல்லையை அஞ்சுவது. குர்ஆன் 'அல்லாஹ்வின் வரம்புகள்' என்று எவற்றைக் குறிப்பிடுகிறது எனப் பாருங்கள். அந்நிஸா அத்தியாயத்தில் மகனுக்கும் மகளுக்கும் மனைவிக்கும் பெற்றோருக்கும் உரிய சொத்துப் பங்குகளை விவரித்து முடித்தவுடனே, 13, 14ஆம் வசனங்களில், இவை அல்லாஹ்வின் வரம்புகள் என்று கூறி, அவற்றை மீறுவோரை அல்லாஹ் எச்சரிக்கிறான். அக்காவுக்கும் தங்கைக்கும் சேர வேண்டிய பாகத்தை, "சீர் செய்து கட்டிக்கொடுத்தாகிவிட்டதே" என்று சொல்லித் தராமல் வைத்திருப்பவர், எந்த முகத்தோடு மீகாத்தில் நின்று "லப்பைக்" சொல்வார்? மீகாத்தை மீறினால் ஓர் ஆடு பரிகாரமாகிறது. தங்கையின் பங்கை மீறியதற்கு எத்தனை ஆடு அறுத்தாலும் ஈடாகாது. பங்கைக் கொடுத்தால்தான் தீரும்.

பிறர் நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக எடுத்தவரின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாலையாக்கப்படும் என்னும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. கரும்பும் மரவள்ளியும் விளையும் நம் வட்டாரத்தில், ஆண்டுதோறும் வரப்பை ஒரு சாண் வெட்டித் தம் கொல்லையைப் பெருக்குவது சிலருக்குப் பழக்கமாகிவிட்டது. பக்கத்துக் கொல்லைக்காரர் முஸ்லிமாகவும் இருக்கலாம், மாற்றுமதச் சகோதரராகவும் இருக்கலாம். ஹக்கு ஹக்குதான். அந்த வரப்பும் அல்லாஹ் காக்கச் சொன்ன எல்லையே.

ஆகவே, இன்ஷா அல்லாஹ், இவ்வாண்டு ஹஜ்ஜுக்குப் பெயர் கொடுத்திருக்கும் குடும்பத்தார் ஒரு தாளை எடுத்து மூன்று பட்டியல்கள் எழுதட்டும். யாருக்குக் கடன், யாருக்குப் பங்கு, யாருடன் மனக்கசப்பு. இஹ்ராம் துணி வாங்குவதற்கு முன்பே அப்பட்டியல்கள் ஒவ்வொன்றாக அடிக்கப்படட்டும். முன்னோர் பத்து நாள் கடலில் பெற்ற ஆயத்தத்தை நாம் வீட்டுத் திண்ணையிலேயே பெற்றுக்கொள்ள முடியும்.

யா அல்லாஹ்! தொலைவில் உள்ள எல்லையையும் அருகில் உள்ள எல்லையையும் மதித்து வாழ எங்களுக்கு அருள்புரிவாயாக. கடன் தீர்த்து, பங்கு கொடுத்து, உள்ளம் தூய்மையாகி உன் இல்லம் வரும் பாக்கியத்தை எங்கள் அனைவருக்கும் வழங்குவாயாக. சென்றோரின் ஹஜ்ஜை ஏற்றுக்கொள்வாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.